கானாடுகாத்தான் வளவில் ஓர் ஓவியக் கண்காட்சி

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். என்னை அங்கே வரவழைத்தது, பழைய நகரத்தார் வீடு ஒன்றில் நடந்த ஓவியக் கண்காட்சி. ஓவியர் சென்னைக்காரர், கணினியின் துணையோடு படம் உருவாக்கி அதன் மேல் கையால் தீட்டுபவர். பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து, அங்கிருந்து நகரப் பேருந்தில் ஊர் சேர்ந்தேன்.

முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புச் சாந்தால் பளிங்குபோல இழைத்த சுவர்களில் ஆணி அடிக்க வீட்டார் சம்மதிக்கவில்லையாம். ஆகவே படங்கள் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை பர்மாத் தேக்குத் தூண்களை ஒட்டி மர முக்காலிகளில் நின்றன. முகப்பில் இருந்த பெரிய படங்கள் என்னை ஈர்க்கவில்லை. கோபுரத்தின் மேல் மின்சுற்றுக் கோடுகளை ஓடவிட்டால் பழமையும் புதுமையும் சேர்ந்துவிடும் என்ற எண்ணம் சற்று மலிவானது.

திறந்த முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் நுழையும் இடத்தில் வீட்டுக்கே சொந்தமான லட்சுமி படம் ஒன்றையும் ஓவியர் தம் படங்களோடு வைத்திருந்தார். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழியாக இந்தியாவெங்கும் பரவிய வகைப் படம் அது. நிறத்துக்கு ஒரு கல்லாக வரைந்து தயாரித்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி எடுக்கும் கல்லச்சு முறையில் வந்தது. அந்தக் காலத்துக்கு அதுவே புதிய தொழில்நுட்பம். ஆனால் இந்த லட்சுமியின் சேலை அச்சில் வந்தது அல்ல: பட்டுத் துணியை வெட்டி ஒட்டி, ஓரத்தில் ஜரிகை வைத்து, கழுத்தில் சிறு மணிகளைக் கோத்துத் தைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தாளில் ஊசி இறங்கிய துளைகள் தெரிந்தன. ஓரிடத்தில் துணி விலகி, அடியிலிருந்த அச்சுச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

வளவின் திறந்த முற்றத்தில் வெயில் இருக்கும் வரை புரொஜெக்டர் ஒளி எடுபடாது என்பதால், நேரில் வரைந்து காட்டும் நிகழ்ச்சி விளக்கு வைத்த பிறகே தொடங்கியது. அந்த வீட்டுத் தரையின் புகைப்படங்களைக் கொண்டு கணினி உருவாக்கிய ஒரு வடிவம் கித்தான் துணியில் விழ, ஓவியர் அதன் கோடுகளில் சிலவற்றை மட்டும் கரியால் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார். பிறகு புரொஜெக்டரை அணைத்துவிட்டு வண்ணத்தைத் தொட்டார். வரைந்துகொண்டே ஹரால்ட் கோஹனைப் பற்றிச் சொன்னார்: ஆரன் என்ற கணினி நிரலை எழுதி, 1983-இல் லண்டன் டேட் கலைக்கூடத்தில் அதைப் பார்வையாளர் முன்னால் வரையவிட்ட ஓவியர் அவர், எந்திரம் கோடு போட, வண்ணத்தைப் பல காலம் தம் கையாலேயே தீட்டிவந்தார். “எந்திரத்துக்குத் தயக்கம் கிடையாது. கை தயங்கிய இடத்தில்தான் நான் அழகைத் தேடுகிறேன்” என்றார் நம் ஓவியர்.

அப்போது அந்த வீட்டு ஆச்சி இடைமறித்தார். “ஏம்மா, மெசினு போட்டதே நல்லாத்தானே இருக்கு, அதும்மேல எதுக்குத் தீட்டுற?”

“நல்லா இருக்கு ஆச்சி. ஆனா யார் கேட்டாலும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்துடும்.”

“அந்த லச்சுமியுந்தான் எல்லா வீட்டுலயும் இருந்துச்சு. அதுக்குத்தான் எங்க மாமியா ஜரிகை வச்சுத் தச்சாக.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், ஓவியரும்தான். அன்று மாலை பேசப்பட்டவற்றில் இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஓவியரின் பேச்சில் எந்திரம் கொஞ்சம் எதிரியாகவே நின்றது. அச்சு எந்திரம் இல்லையென்றால் அந்த லட்சுமி இந்த வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டாள், மாமியாரின் ஊசிக்கு வேலையும் இருந்திருக்காது.

மறுநாள் காலை ஆத்தங்குடிக்குப் போனேன். தரையில் பதிக்கும் பூக்கல் போடும் கொட்டகையில், கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத் தகடு அச்சை இறக்கி, கூழான வண்ணச் சிமெண்டை ஒவ்வொரு அறையிலும் சிறு கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றன. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு சாந்து நிரப்பி மட்டம் செய்தார். இறுகி, தண்ணீரில் ஊறி வெளிவரும் கல்லின் பளபளப்பு அடியிலிருந்த கண்ணாடி தருவது. சுடவோ மெருகிடவோ வேண்டியதில்லை. எந்திரத்தில் அழுத்திய மலிவான கற்கள் சந்தைக்கு வந்துவிட்டனவே என்று கேட்டதற்கு, அதைவிடத் தம் வாடிக்கையாளர்களே பெரிய தலைவலி என்றார். கைவேலைதான் வேண்டுமென்று வருகிறவர்கள், எல்லாக் கல்லும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும் என்கிறார்களாம். நிறம் சற்றே வழிந்த கல்லைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். கொட்டகையின் மூலையில் அப்படிக் கழிந்த கற்கள் அடுக்கியிருந்தன. அவற்றை அடுத்த கண்காட்சிக்கு வேண்டுமென்று கானாடுகாத்தானில் நான் பார்த்த ஓவியர் கேட்டிருக்கிறார் என்றும், கழிவுக் கல் என்பதால் விலையைக் குறைக்கச் சொன்னார் என்றும் சொல்லிச் சிரித்தார். குறைத்தாரா என்றேன்.

“எதுக்குங்க? அவுகளுக்கு அதானே நல்ல கல்லு.”