பாட்டுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா வேலை

சொந்தப் பாட்டை ஸ்பாட்டிஃபையில் போடுவது எப்படி என்று யாராவது கேட்டால், ஒரு மத்தியானம் போதும் என்றுதான் சொல்வேன். பொய் இல்லை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரி ஒரு விநியோக நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி, வேவ் ஒலிக் கோப்பையும் 3000க்கு 3000 பிக்சலில் ஒரு சதுர அட்டைப்படத்தையும் ஏற்றித் தேதி போட்டுவிட்டால், ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், யூடியூப் மியூசிக் எல்லாவற்றிலும் பாட்டு வந்து உட்கார்ந்துவிடும். அந்த மத்தியானத்துக்கு முன்னாலும் பின்னாலும் கிடக்கிற வேலையை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் சாலிகிராமத்தில் ஒரு மாடி அறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சோறு போடுவது விளம்பர ஜிங்கிளும் குறும்பட மிக்ஸிங்கும். நடுநடுவே என் பாட்டுகள், அப்புறம் என்னைப் போலவே சினிமாவுக்கு வெளியே பாட்டு செய்கிற நண்பர்களின் பாட்டுகள். ரெக்கார்டிங் நம்ம அறையில் நடந்துவிட்டால் வெளியிடுகிற பொறுப்பும் நம் தலையில்தான் விழும், ஏனென்றால் படிவம் நிரப்ப யாருக்கும் பொறுமை கிடையாது. எனக்கு உண்டு. சொன்னால் சிரிப்பார்கள், எனக்கு அந்த வேலை பிடித்தும் போய்விட்டது.

படிவத்தில் முதல் கேள்வியே கலைஞர் பெயர். இது எளிது என்று நினைப்பீர்கள். நம் ஊரில் கார்த்திக் எத்தனை, பிரியா எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, புள்ளி உண்டா இல்லையா, எல்லாம் சேர்ந்து அந்தத் தளங்களின் கணினிக்கு ஒரே குழப்பம். இங்கே பாடிய ஒரு பெண்ணின் முதல் பாட்டு, அதே பெயருள்ள தெலுங்கு பக்திப் பாடகி ஒருவரின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அம்மன் பாட்டுக்காக அவரைப் பின்தொடர்ந்தவர்களுக்கு, காதலனைத் திட்டுகிற ஒரு ராப் பாட்டு போய்ச் சேர்ந்தது. விநியோக நிறுவனத்துக்கு எழுதி, கலைஞர் பக்கத்தைப் பிரித்துத் தரச் சொல்லி, அது சரியாவதற்குள் பாட்டு வந்த பரபரப்பே அடங்கிவிட்டது. இப்போது யார் வந்தாலும், பாடுவதற்கு முன்னால் அவர் பெயரை எல்லாத் தளத்திலும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மைக் முன்னால் நிறுத்துகிறேன்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பாட்டைத் தேடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். தலைப்பில் ஒரு ழகரமோ நெடிலோ இருந்தால் போச்சு, ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். தமிழ் எழுத்திலேயே தலைப்பு வைக்கலாம், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் காரில் போகும்போது அவசரமாகத் தேடுகிறவனுக்குக் கிடைக்காது. நான் மூன்று நான்கு பேருக்குத் தலைப்பை வாயால் சொல்லி, வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்வேன். எது அதிகம் வருகிறதோ அதுதான் எழுத்துக்கூட்டல். இலக்கண சுத்தமெல்லாம் அதற்கப்புறம்.

இனி கிரெடிட், அதாவது யார் என்ன செய்தார்கள் என்று பெயர் போடுவது. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். ஒரு பாட்டுக்கு நாதஸ்வரம் வாசிக்க ஒரு பெரியவரை அழைத்திருந்தோம். பல வருஷமாகப் படங்களுக்கு வாசித்தவர். மூன்று டேக்கில் முடித்துவிட்டு, சீவாளியைத் துடைத்துக்கொண்டே, “பேரு வருமா தம்பி?” என்று கேட்டார். பணத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. கேசட் காலத்தில் அட்டையில் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும், வாசித்தவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. “வருங்கய்யா” என்று சொல்லிவிட்டேனே தவிர, அதை வரவைக்க ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். எல்லா விநியோக நிறுவனமும் வாத்தியக்காரர் பெயரைத் தளங்களுக்கு அனுப்புவதில்லை, அனுப்பினாலும் வாத்தியப் பட்டியலில் நாதஸ்வரம் இருக்க வேண்டுமே. கடைசியில் ஆப்பிள் மியூசிக்கில் வந்தது. அவர் பேரன் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான் என்று கேள்விப்பட்டேன். பாட்டு ஓடியதா என்று கேட்காதீர்கள், சுமார்தான்.

பணப் பங்கு பேசுவது இதைவிடக் கஷ்டம். கூச்சம்தான் காரணம். நண்பன் எழுதினான், நான் மெட்டுப் போட்டேன், இன்னொருத்தன் கிடார் வாசித்தான், இதில் போய் யாருக்கு எத்தனை சதவீதம் என்று கேட்பதா? கேட்கத்தான் வேண்டும், அதுவும் ரெக்கார்டிங்குக்கு முன்னால். பாட்டு கொஞ்சம் ஓட ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் அது சண்டையில்தான் முடியும். இங்கே ரெண்டு தனித்தனி உரிமை இருக்கிறது என்பதே நிறையப் பேருக்குத் தெரியவில்லை: பதிவான ஒலி ஒன்று, அதற்கு அடியில் இருக்கிற வரியும் மெட்டும் இன்னொன்று. விநியோக நிறுவனம் கொடுப்பது முதலாவதுக்கான பணம் மட்டும். இரண்டாவது, இந்தியாவில் ஐபிஆர்எஸ் வழியாக வரும். 1969இல் தொடங்கிய, எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற சங்கம் அது, எழுதியவரும் இசையமைத்தவரும் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்தால்தான் வரும். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு, அதை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று கொண்டுவந்தார்கள். அவ்வளவு போராடி வாங்கிய உரிமை இருக்க, நம் பையன்கள் சோம்பல்பட்டு ஒரு படிவம் போடாமல் விடுகிறார்கள்.

எல்லாவற்றையும் ஓர் எக்செல் தாளில் வைத்திருக்கிறேன். பாட்டின் பெயர், எழுத்துக்கூட்டல், வாசித்தவர்கள், பங்கு, ஸ்டெம் கோப்புகள் (குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்த ஒலி) எந்த ஹார்ட் டிஸ்கில், அப்புறம் முக்கியமாக ஐஎஸ்ஆர்சி எண். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தில் ஒரு எண் தருவார்கள், அதுதான் அந்தப் பாட்டின் ஆதார் கார்டு. சில விநியோக நிறுவனங்கள் வருஷச் சந்தா வாங்குகின்றன, கட்டாமல் விட்டால் பாட்டுகள் இறங்கிவிடும். சிடி பேபி மாதிரி சிலது ஒருமுறை வாங்கிக்கொண்டு வருமானத்தில் கமிஷன் எடுக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அதே ஒலிக் கோப்பு, அதே ஐஎஸ்ஆர்சி என்று கொடுத்தால் பழைய கேட்பு எண்ணிக்கை பொதுவாகக் கூடவே வரும், புது எண் வாங்கினால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். 2024இல் ரெஸ்ஸோ என்ற பாட்டுத் தளம் இந்தியாவில் மூடப்பட்டது, அதே வருஷம் விங்க் என்ற இன்னொரு தளமும் போனது. கடைகள் வரும் போகும், தாள் நம்மிடம் இருக்க வேண்டும்.

தேதியைப் பொறுத்தவரை உலகம் முழுக்க 2015இலிருந்து வெள்ளிக்கிழமைதான் வழக்கம். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வைக்க வேண்டுமென்றால் குறைந்தது 7 நாள் முன்னதாகவாவது அனுப்பிவிட வேண்டும், நான் ஒரு மாசம் வைத்துக்கொள்கிறேன். பாட்டைப் பற்றி 500 எழுத்துக்குள் சொல்ல ஒரு பெட்டி இருக்கும். அதில் ‘மனதை வருடும் மெலடி’ என்று எழுதாமல் யார் எங்கே என்ன வாசித்தார்கள் என்று எழுதினால் போதும். பெரிய ஹீரோ படத்தின் பாட்டு வருகிற வாரம் மட்டும் ஒதுங்கிக்கொள்வேன். தமிழில் ஜனம் கேட்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டு, அதோடு மோதி என்ன ஆகப்போகிறது?

30 வினாடி தாண்டினால்தான் ஒரு கேட்பு கணக்கில் ஏறும். அதனால் முன்னிசையை வெட்டு, பல்லவியை முதலில் போடு என்று அறிவுரை சொல்பவர்கள் ஏராளம். ஜிங்கிளுக்கு நான் அதைத்தான் செய்கிறேன், அங்கே மொத்தமே 30 வினாடி. சொந்தப் பாட்டில் விருத்தம் மாதிரி ஓர் ஆரம்பம் வேண்டுமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பணம்? ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் கிடையாது. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுப்பதாக ஸ்பாட்டிஃபை சொல்கிறது, அது மொத்தக் கேட்பில் நம் பங்குக்கு ஏற்பப் பிரியும். இங்கே சந்தா மலிவு, இலவசமாக விளம்பரத்தோடு கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் மதுரையில் கேட்பதற்கும் டொராண்டோவில் கேட்பதற்கும் வருகிற காசு ஒன்றல்ல. என் அறிக்கையில் கனடா, லண்டன், சிங்கப்பூர் தமிழர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், தொகையில் முன்னால் நிற்கிறார்கள். 2024இலிருந்து இன்னொரு விதி: கடந்த 12 மாதத்தில் 1000 கேட்பைத் தொடாத பாட்டுக்கு பதிவான ஒலிக்கான ராயல்டியை ஸ்பாட்டிஃபை கொடுக்காது. புதிதாக வருகிறவனுக்கு இது அநியாயம் என்பதே என் கட்சி. தொகை சின்னதோ பெரிதோ, யாருடையதோ அவருக்குப் போக வேண்டும். வருகிற பணமும் ரெண்டு மூன்று மாதம் தள்ளித்தான் வரும், டாலரில். நிறுவனம் அமெரிக்காவில் இருந்தால் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து நிரப்ப வேண்டும், இல்லையென்றால் அமெரிக்கக் கேட்பில் வந்த பங்கில் 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த 1000 கேட்பு விதியைக் காட்டித்தான் இன்ஸ்டாகிராமில் ஆட்கள் வலை விரிக்கிறார்கள். ‘ப்ரோ, உங்க பாட்டு செமயா இருக்கு, ஐந்நூறு ரூபாய்க்குப் பத்தாயிரம் ஸ்ட்ரீம்’ என்று வரும். அதெல்லாம் போலிக் கணக்குகள். அப்பட்டமான போலிக் கேட்பு கண்டுபிடிக்கப்பட்டால் ஸ்பாட்டிஃபை இப்போது விநியோக நிறுவனத்துக்கே அபராதம் போடுகிறது, நிறுவனம் அதை உங்கள் தலையில் கட்டும், பாட்டையும் இறக்கும். தெரியாத பிளேலிஸ்ட்காரர் யாராவது காசு கேட்டால் பதிலே போடாதீர்கள்.

இப்போது ஒரு பாட்டு மாஸ்டரிங் என்ற கடைசி ஒலி மெருகேற்றலும் முடிந்து காத்திருக்கிறது. எழுதிய அண்ணன் புனைபெயரில்தான் வர வேண்டும் என்கிறார். வரட்டும், ஆனால் படிவத்தில் இயற்பெயர் கேட்கிறார்கள், ஐபிஆர்எஸ்சிலும் இயற்பெயரோடு புனைபெயரைச் சேர்த்தாக வேண்டும், அவரோ ஆபீசில் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார். அரசு உத்தியோகம். நேற்றும் போன் செய்து, “அண்ணே, பேரை முடிவு பண்ணுங்க, தேதி போடணும்” என்றேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.