நிறம் ஏறாத செல்கள்

காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஸ்லைடு இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. பெருங்குடல் கட்டியின் சிறு துணுக்கு. சுற்றியிருந்த லிம்போசைட்டுகளின் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) உட்கரு எல்லாம் நல்ல காப்பிப்பொடி நிறம். நடுவே புற்றுச் செல்கள் மட்டும் வெளிர் நீலமாக நின்றன. தேடுகிற புரதம் இருந்தால்தான் காப்பி நிறம் ஏறும். எம்எஸ்எச்2 புரதம் அங்கே இல்லை. எம்எஸ்எச்6-ம் இல்லை. இரண்டும் ஜோடி, முதலாவது போனால் மற்றது நிலைக்காது.

டிஎன்ஏ நகலாகும்போது விழுகிற எழுத்துப்பிழையைத் திருத்தும் புரதங்கள் இவை. இப்படிக் காணாமல் போனால் லிஞ்ச் சிண்ட்ரோமா, அதாவது குடும்பத்தில் பரம்பரையாக வரும் புற்றுநோய்க் கோளாறா என்று பார்த்தே ஆகவேண்டும். உறுதியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த மரபணுக் கோளாறு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு.

1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் புற்றுநோயில் போனதால் தானும் அப்படித்தான் போவேன் என்று நோயியல் டாக்டர் வார்தினிடம் சொன்னார். அப்படியே கருப்பைப் புற்றில் இறந்தார். அன்று அவருக்கு வழி இல்லை. இன்று இருக்கிறது: ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை, அப்புறம் கோளாறு இருப்பவர்களுக்கு 20-25 வயதிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்ப்பது).

ரிப்போர்ட்டில் 'மரபணு ஆலோசனை தேவை' என்று இருந்தால் தயவுசெய்து ஃபைலில் போட்டு மூடிவிடாதீர்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கையிடமும் காட்டுங்கள்.