ஒரே விதை, இரண்டு போகம்: வளவில் சோயா வைத்துப் பார்த்த கதை

அநுராதபுரத்தில் வேலை பார்க்கும் மச்சான் போன சித்திரையில் பிபி 1 என்ற இனத்துச் சோயா விதை ஒரு கிலோ கொண்டுவந்து தந்தார். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பழகிய யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் அது எப்படி வரும் என்று பார்க்கத்தான் முதலில் ஆசை. வெயிலில் விளைந்த விதைக்கும் பனியில் விளைந்த விதைக்கும் உள்ளே சத்து வேறுபடுமா என்ற கேள்வி பிறகுதான் முளைத்தது. பாதியை நட்டேன். மீதியைப் போத்தலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். சோயா விதை சூட்டிலும் ஈரத்திலும் கெதியாக முளைப்புத் திறனை இழந்துவிடும், பயறு மாதிரிச் சும்மா கட்டி வைக்க முடியாது.

நாலாம் கிழமை இலை வெளுத்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் நாலைந்து முடிச்சுத்தான். வெட்டினால் உள்ளே வெள்ளை. நைதரசன் பிடித்துக் கொடுக்கிற முடிச்சென்றால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சோயாவே காணாத மண்ணில் அதற்குத் தோதான பக்றீரியா எங்கிருந்து வரும்? கொஞ்சம் யூரியா போட்டுச் சமாளித்தேன். பிறகு ஆனியில், காய் நிரம்புகிற நேரம் பார்த்து மோட்டர் பழுதானது. பத்து நாள் இறைப்பு இல்லை. சோளகக் காற்று வேறு. பகல் முழுக்க இலை சுருண்டு நின்றது. ஆடியில் அடித்துப் புடைத்தபோது பாத்திக்கு 1.1 கிலோ. 100 விதையை எண்ணி நிறுத்தால் 10 கிராம்.

இரண்டாம் தடவை, மார்கழியில் மழை குறைந்ததும் பக்கத்துப் பாத்தியில் நட்டேன். அந்தப் பக்றீரியா சேரட்டும் என்று பழைய பாத்தி மண்ணையும் அள்ளிக் கலந்தேன். முடிச்சு நன்றாக வந்தது. காலம் மட்டுமல்ல, முடிச்சும் வேறாகிவிட்டதால் என் ஒப்பீடு பாதி கெட்டுப்போனது என்பது பிறகுதான் உறைத்தது. மாசிப் பனியில் காய் நிரம்பியது. பங்குனியில் 1.9 கிலோ, 100 விதை 13.5 கிராம்.

சரி, இனிக் குசினி. புரதத்தை வீட்டில் அளக்க முடியாது. ஆனால் பாலைத் திரைத்துக் கட்டியாக்கினால் வருவது பெரும்பாலும் புரதமும் எண்ணெயும்தான். ஒவ்வொன்றிலும் 250 கிராம் ஊறவைத்து அரைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு (பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் உண்டு, அரைகுறையாகக் காய்ச்சக் கூடாது), தேசிப்புளி விட்டுத் திரைத்து, பழைய வேட்டித் துண்டில் கட்டி அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். நிறுத்தபோது பனிக்காலத்துக் கட்டி 40 கிராம் கூட. சந்தோசப்பட்டேன். அப்புறம் பார்த்தால் அது தண்ணீர்க் கனம். சீவி வெயிலில் காயவிட்டு நிறுத்தேன்: வெயில்காலத்தது 104 கிராம், பனிக்காலத்தது 98. குசினித் தராசில் 6 கிராமை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சூம்பின விதை என்று நான் நினைத்தது கிராமுக்குக் கிராம் ஒன்றும் குறைந்து போகவில்லை.

இது ஏன் என்று தேடி வாசித்ததில்தான் எனக்கு விசயம் பிடிபட்டது. காய்ந்த சோயாவில் சுமார் 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். எண்ணெய்க்கும் மாப்பொருளுக்கும் காய் நிரம்புகிற நேரம் இலை புதிதாகச் சமைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் இலை சுருண்டால் அந்த வரவு நின்றுவிடும். புரதத்துக்கு வேண்டிய நைதரசனில் ஒரு பெரும் பங்கையோ வாடுகிற இலையே கழற்றிக் கொடுத்துவிடும். அதனால் வறட்சியில் புரதச் சதவீதம் பெரும்பாலும் ஏறும், எண்ணெய் இறங்கும். ஏறுகிறது சதவீதம் மட்டும்தான். 1.1 கிலோவில் கிடைக்கிற மொத்தப் புரதம் 1.9 கிலோவுக்குக் கிட்டவும் வராது. சூட்டின் கணக்குக் கொஞ்சம் வேறு. சுமார் 28 பாகை செல்சியஸ் வரை சூடு கூடினால் எண்ணெயும் கூடும், அதற்கு மேலே போனால் குறையத் தொடங்கும். எங்கள் ஆனி மாதத்தில் இரவிலும் வெக்கை விடாது.

அம்மாவுக்கு எது எது என்று சொல்லாமல் இரண்டு பாலையும் சீனி போடாமல் கொடுத்தேன். பனிக்காலத்துப் பாலைக் குடித்துவிட்டு, "இது கொஞ்சம் இனிப்பாக் கிடக்கு. ஆனா பச்சை மணமும் கூட" என்றார். நான் திகைத்துப் போனேன். குளிரில் நிரம்பிய விதையில் சீனிச்சத்துக் கூடவாக நிற்கும். லினோலெனிக் அமிலமும் கூடவாக இருக்கும். அரைக்கும்போது அந்தப் பச்சை மணத்தைக் கிளப்புகிற கொழுப்புகளில் அதுவும் ஒன்று. சூட்டில் அது குறைந்து ஒலெயிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு கூடும். அப்படிப்பட்ட எண்ணெய் கெதியில் காறாது. ஐசோபிளேவோன் எனப்படும் சத்துகள் மட்டும் சூட்டில் நன்றாகவே குறையும், அதை நாக்கு கண்டுபிடிக்காது. அம்மாவின் நாக்கைச் சாட்சியாக வைத்து ஆராய்ச்சி எழுத முடியாதுதான், இருந்தாலும் ஊறவைத்த நேரமும் கொதிக்கவிட்ட நேரமும் இரண்டுக்கும் ஒன்றே.

வருகிற சித்திரைக்கு இரண்டு பாத்தி ஒரே நாளில் போடுகிறேன். முடிச்சு மண் இரண்டுக்கும் ஒரே அளவு. காய் நிரம்பும்போது ஒன்றுக்கு மட்டும் இறைப்பைக் குறைப்பேன், மோட்டர் தானாகக் குறைக்காமல் இருந்தால். காய்ச்சி வடித்த சக்கை கோழிக்குப் போகும் என்று நினைத்தேன். அம்மா அதில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வடை சுட்டுவிட்டார்.