சிங்கத்துக்கும் எனக்கும் நாலரை மீட்டர்

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போவதென்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 600 எம்எம் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தது. மூன்று கிலோ. கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் போகும் குட்டி விமானத்தில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான். லென்ஸ், கேமரா, முக்காலி எல்லாம் போக என் பங்குக்கு மிஞ்சியது இரண்டு சட்டை.

"நாலு நாளைக்கு ரெண்டே சட்டையா?" என்றாள் மனைவி.

"சிங்கம் என் சட்டையையா பார்க்கப்போகுது?"

முக்காலி முதல் நாள் காலையிலேயே ஓய்வு பெற்றது. கூரை திறக்கிற லேண்ட் குரூசரில் மனுஷன் நிற்கவே இடம் போதாது, மூன்று கால்களை எங்கே விரிப்பது? வண்டி ஓட்டிய மாசாய் இனத்து இளைஞர் சிரித்துக்கொண்டே கூரை விளிம்பில் ஒரு பயறு மூட்டையைப் போட்டு, லென்ஸை அதன்மேல் சாய்க்கச் சொன்னார்.

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்வரை ஓய்விலேயே கழிக்கும் என்று படித்திருந்தேன். படிப்பது வேறு, ஒன்றரை மணி நேரம் நின்று அதைப் பார்ப்பது வேறு. புல்லுக்குள் ஏழு சிங்கங்கள் இருப்பதாக அவர் சொன்னார். எனக்குத் தெரிந்தது பின்பக்கம் கறுத்த ஒரு காது, மூச்சுக்கு ஏறி இறங்கும் ஒரு வயிறு, வானத்தைப் பார்த்து மடங்கிக் கிடந்த நான்கு பாதங்கள். என் கேமரா நொடிக்கு 20 படம் எடுக்கும். அந்தக் காதை மட்டும் 340 படம் எடுத்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று ஆறு வித்தியாசம்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது அங்கே விதி. மற்ற வண்டிகள் காத்திருந்ததால் நாங்கள் இடம் விட்டுக் கிளம்பினோம். ஐந்தே நிமிடத்தில் ரேடியோவில் சுவாஹிலியில் ஒரே ஆரவாரம். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'சிம்பா', அதாவது சிங்கம். எல்லாம் எழுந்துவிட்டனவாம்.

"கொட்டாவியைக் கவனியுங்கள்" என்றார் ஓட்டுநர். ஒன்று விட்டால் பக்கத்தில் இருப்பதும் விடும், அப்புறம் எழுந்து நடக்கும் என்றார். அடுத்த நாள் அப்படியே நடந்தது. கோரைப்பல்லெல்லாம் தெரிய எனக்கு அற்புதமான படங்கள் கிடைத்தன. 'கர்ஜனை' என்று தலைப்புப் போட்டு நாம் பார்க்கிற படங்களில் பாதி இந்தக் கொட்டாவிதானோ என்று எனக்குச் சந்தேகம். அன்று மாலை நிஜமாகவே ஒன்று கர்ஜித்தபோது உதட்டைக் குவித்து, வாயைப் பாதிதான் திறந்தது. சத்தம்தான் வண்டித் தகரத்தில் அதிர்ந்தது.

இரவு கூடாரத்தில் படுத்திருக்கும்போதும் அதே குரல்.

"இது எவ்வளவு தூரம் கேக்கும்?"

"எட்டு கிலோமீட்டர் வரைக்கும்."

"அப்ப எட்டுக்குள்ள எங்க வேணாலும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மனைவி நிம்மதியாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயில். கறுத்த பிடரியோடு ஒரு பெரிய ஆண் சிங்கம் எழுந்து நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது. லென்ஸுக்குள் முதலில் முழு உருவம், பிறகு முகம், பிறகு மூக்கில் ஒரு பழைய தழும்பு, மீசை வேரில் வரிசையாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு சிங்கத்தையும் அடையாளம் காண்கிறார்கள். எண்ணலாம் என்று நினைத்த நொடியில் எல்லாம் மஞ்சள் மூட்டமாகிவிட்டது. லென்ஸ் கர், கர் என்று முன்னும் பின்னும் தேடியது. நாலரை மீட்டருக்குள் வந்துவிட்டால் அதற்குக் கண் தெரியாது. சிங்கம் ஒன்றரை மீட்டரில், எங்கள் பின்சக்கரத்தின் நிழலில், டயருக்கு முதுகைக் கொடுத்துப் படுத்திருந்தது.

சின்ன லென்ஸ் பையில் இருந்தது. பை சிங்கத்தின் பக்கத்து இருக்கையில் இருந்தது. அந்த ஜன்னல் திறந்திருந்தது.

"அசையாதீர்கள்" என்றார் ஓட்டுநர், உதடு மட்டும் அசைய. வண்டியும் நாமும் சேர்ந்து அதற்கு ஒரே பெரிய உருவமாம். கையோ தலையோ தனியாக நீண்டால்தான் வம்பு. என் மூன்று கிலோ குழாய் ஏற்கெனவே வெளியே நீட்டிக்கொண்டிருந்ததே, அது வண்டிக் கணக்கா, என் கணக்கா? கேட்க நாக்கு எழவில்லை.

நாற்பது நிமிடம் குனிந்தபடி நின்றேன். எதிரே இருந்த வண்டிக்காரர்கள் எங்களைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி மட்டும் மடியில் இருந்த போனை மெல்லத் திருப்பி, ஒரே ஒரு தடவை தட்டினாள்.

தழும்பு, அதன்மேல் உட்கார்ந்த ஈ, தேன் நிறக் கண் எல்லாம் அந்த ஒரு படத்தில் இருந்தன. குடும்பக் குழுவில் அவள் அதைப் போட்டதும் பெரியப்பாவிடமிருந்து உடனே பதில்: "பிரமாதம். அந்தப் பெரிய லென்ஸ்ல எடுத்ததா?"

அவள் போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லிடுங்க."