"வண்டியில இரு"

அவனை ஆற்றில் இறங்க விடாததற்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. எங்கள் தீயணைப்பு நிலைய அலுவலர் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்திருப்பேன். கேட்காததால்தான் எனக்கு நானே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குழித்துறையாற்றில் குளிக்க இறங்கிய கல்லூரிப் பையன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே காப்பாற்றும் நேரம் கடந்துவிட்டது, உடலைத்தான் எடுக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் முங்கி எடுப்பதில் அவன்தான் முதல் ஆள். இன்னொருவன் உண்டு, ஆனால் அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்க மாட்டான். இவன் காக்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"மக்கா, நீ வண்டியில இரு. வயர்லெஸ்ஸைப் பாத்துக்கோ" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "சரி அண்ணே" என்று முடிச்சை அவிழ்த்தான். அவ்வளவுதான் பேச்சு.

ஆசாரிபள்ளத்தில் குடிநோய்க்குச் சிகிச்சை முடித்து அவன் வேலைக்குத் திரும்பிய புதிது அது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்கு இருந்தவன் நான். மனசு வைத்தால் வீட்டிலிருந்தே விட்டுவிடலாம் என்று நிலையத்தில் ஆளாளுக்கு அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு அப்படிச் சட்டென்று விடாது என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நிறுத்திய முதல் நாளே கை நடுங்கத் தொடங்கும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதைத் தொடர்ந்து சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அதனால்தான் உள்ளே படுக்க வைத்து, பி1 ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து மெல்லக் குடியிலிருந்து மீட்கிறார்கள்.

அந்த ராத்திரி அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இல்லாத கயிறு ஒன்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தான். "வருது அண்ணே, மெதுவா, மெதுவா" என்றான். போர்வை நுனியைச் சுருட்டிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். விடியும் வரை இதே வேலை.

ஆற்றங்கரையில் என் கண்ணில் நின்றது அந்தக் கைகள்தான். டாக்டர் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்திருந்தார், அது கோப்பிலும் இருந்தது. ஆனால் கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பவன் டாக்டர் இல்லை, நான். கலங்கல் தண்ணீரில், பாறை இடுக்கில், ஒருவனுக்குக் கொஞ்சம் தடுமாறினால் எடுக்க வேண்டிய உடல் இரண்டாகிவிடும். இப்போது யோசித்தாலும் இந்த நியாயம் எனக்குப் பிடிபடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து நடந்ததை நினைக்கும்போதுதான் நழுவுகிறது.

எங்கள் வேலையில் குடி எங்கிருந்து வருகிறது என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்வது கஷ்டம். கிணற்றில் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவி, மூன்றாம் நாள் ஊதி மேலே வந்த உடலைத் தூக்கிவிட்டு வருகிறவனிடம் "கொஞ்சம் உள்ள போனா நாத்தம் தெரியாதுலே" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கிடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அன்றைக்கு அவர்களிடம் யார் வந்து உட்கார்ந்து பேசினார்கள்? இன்றாவது மனசு சரியில்லாதவர்கள் பேச 14416 என்று அரசின் மனநல உதவி எண் ஒன்று இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. நிலையத்துச் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம். சீருடை போட்டவன் யாரும் அதில் பேசி நான் பார்த்ததில்லை. ஒருவேளை பார்க்காத இடத்தில் பேசியிருக்கலாம்.

அப்புறம் அந்தப் பாட்டில். உடலை எடுத்துக் கொடுத்தால் செத்தவரின் சொந்தக்காரர் யாராவது பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டுப் போவார். லஞ்சம் என்று யாரும் நினைப்பதில்லை, ஒரு மரியாதை. துக்க வீட்டுக்காரர் கும்பிட்டுக் கொடுப்பதை வேண்டாம் என்பது லேசில்லை. அன்றைக்கும் வந்தது. வண்டியில் யார் இருந்தது? அவன்.

ஆற்றில் இருந்தால் அவனைப் பாட்டில் தொட்டிருக்காது. ஆற்றிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அதன் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். ஈரத்தோடு நான் மேலே ஏறி வந்தபோது, பொதி சீட்டில் இருந்தது, அவன் வெளியே கதவில் சாய்ந்து நின்றான். உள்ளே கையை விட்டு எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இது ஒங்களுக்குள்ளதாக்கும் அண்ணே."

குரலில் கோபம் இல்லை. பிரிக்காமல்தான் இருந்தது. குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியில் கொண்டுபோய் விடும் மாத்திரையை அப்போது அவன் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தான். அந்தப் பயத்தில் தொடவில்லையா, அவனாகவே தொடவில்லையா? நான் இதை எடைபோடுவதே அவனுக்குச் செய்யும் அவமானம் என்றும் படுகிறது. "ஒங்களுக்கு" என்றானே, அது என் ஒருவனையா, எங்கள் எல்லோரையுமா?

பழைய இடத்துக்கும் பழைய கூட்டத்துக்கும் போகக்கூடாது என்று ஆலோசகர் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல யோசனை. அந்த இடமும் கூட்டமும் எங்கள் நிலையம்தான், சம்பளமும் அங்கேதான். 2017 மனநலச் சட்டத்தில் குடியால் வரும் மனநோயும் சேரும், சிகிச்சை விவரம் ரகசியம் என்றும் இருக்கிறது. அவன் கயிறு இழுத்த கதை மட்டும் கேன்டீன் வரைக்கும் போயிருந்தது. நான் சொல்லவில்லை. ஆனால் வண்டியில் உட்கார வைத்ததை எல்லோரும் பார்த்தார்களே, அதைவிடச் சத்தமாக யார் சொல்ல முடியும்?

போன மழையில் ஒரு கிணற்று அழைப்பு வந்தது. என்னைக் கேட்காமலே இடுப்பில் கயிற்றைக் கட்டினான், நான் மறுமுனையைப் பிடித்தேன். இறங்கினான், எடுத்தான், ஏறினான். நான் அவனை நம்ப ஆரம்பித்துவிட்டேன் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அன்றைக்கு டூட்டியில் முங்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.