கீழ்த்தளத்தைப் புதுப்பிக்க ஒப்பந்தக்காரரைத் தேடுவோர் கவனத்துக்கு: தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் சரிவான மனையில் வீடு கட்டியவர்களுக்கு நன்கு பழக்கமான அமைப்புதான் எங்கள் வீட்டினுடையதும். வாசல் சாலை மட்டத்தில் இருக்கும். பின்பக்கம் தோப்பை நோக்கி இறங்கும் சரிவில் ஒரு கீழ்த்தளம் இருக்கும். அதன் சாலைப்பக்கச் சுவர் முழுவதும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். ரப்பர் ஷீட்டும் தேங்காயும் விறகும் போட்டு வைத்திருந்த அந்த இடத்தை உறவினர் வந்தால் தங்குவதற்கு ஓர் அறையாகவும் குளியலறையாகவும் மாற்ற முடிவு செய்தோம். வேலை இப்போது நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் முடித்துக் கொடுத்தவர் முதலில் வந்த ஒப்பந்தக்காரர் அல்லர்.

முதலாமவர் கடைகளுக்கு உள்அலங்காரம் செய்து பெயர் பெற்றவர். வந்த அன்றே அறையை அளந்து, சுவருக்குப் பிவிசி பேனல், மேலே பால்ஸ் சீலிங், தரைக்கு டைல்ஸ் என்று செல்பேசியில் படங்களைக் காட்டினார். சுவரின் அடியில் தெரிந்த ஈரக்கறையைச் சுட்டிக் காட்டியபோது, "சார், வாட்டர்புரூப் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சு பேனல் போட்டுட்டா ஒரு சொட்டு வராது, நான் பொறுப்பு" என்றார். அந்தச் சுவருக்கு மறுபுறம் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. முன்முற்றத்துக்கு ஏறிப் பார்க்கவும் இல்லை. இப்போது யார் என்னிடம் ஆலோசனை கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: கீழ்த்தள வேலைக்கு வருபவர் அறைக்குள் நிற்கும் நேரத்தைவிட வீட்டைச் சுற்றி நடக்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். கூரைநீர் எங்கே விழுகிறது, சாலையோர ஓடை எந்தப் பக்கம் சாய்கிறது, கிணறு எங்கே, கழிவுநீர்த் தொட்டி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்காதவரிடம் மதிப்பீடு வாங்குவதே வீண்.

உயரம் குறைவாக இருக்கிறது என்று தரையை ஒன்றரை அடி தாழ்த்திக் கொடுப்பதாகவும் அவர் சொன்னார். அதைச் செய்யவிடாமல் தடுத்தது உறவினரான ஒரு பொறியாளர். நம் ஊர்ப் பழைய வீடுகளின் கருங்கல் கடைக்கால் (அஸ்திவாரம்) அதிக ஆழம் போவதில்லை. உள்பக்க மண்ணை அந்த அளவுக்குத் தோண்டினால் கடைக்காலின் அடிப்பகுதி பிடிப்பின்றி வெளியே தெரியத் தொடங்கி, மேலே நிற்கும் சுவரே இறங்கிவிடக்கூடும் என்று அவர் விளக்கினார். தரையைத் தாழ்த்தும் அந்த ஒரு யோசனை மட்டும் நிறைவேறியிருந்தால் இன்று எங்கள் இழப்பு பேனல்களோடு நின்றிருக்காது.

பேனல் வேலை மே மாதத்தில் முடிந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. தமிழகத்தின் பெரும்பாலான மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்க, நமக்கோ ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்குமாக இரண்டு மழைகளும் உண்டு. முதல் மழை பிடித்துச் சில வாரங்களில் அறைக்குள் புளித்த வாடை வந்தது. ஓரத்துப் பேனல் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது, அதைப் பிடித்திருந்த மரச்சட்டம் விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்குக் கறுத்து ஊறியிருந்தது. சுவரில் அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அதன் அடியில் உப்பு பஞ்சுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்த உப்பு சுவருக்குள்ளிருந்தே வருவது. மண்ணிலிருந்து புகும் நீர், கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் காயும்போது அதை அங்கேயே விட்டுவிடுகிறது. உள்பக்கம் எத்தனை பூச்சுப் பூசினாலும் பின்னாலிருந்து தள்ளும் நீர் அதைப் பெயர்த்துவிடும்.

குளியலறையிலும் அதே கதைதான். கழிவுநீர்த் தொட்டி முன்முற்றத்தில், மேல்தள மட்டத்துக்கு ஏற்பக் கட்டப்பட்டது. கீழ்த்தளக் கழிவறையின் குழாய் அதைவிடத் தாழ்வாக இருக்கிறது என்பதை டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் அவருடைய ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அவர் அழைப்புகளை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இரண்டாவதாக வந்தவர், குலசேகரம் பக்கத்தில் பல காலம் தாங்குசுவர் கட்டிப் பழகிய ஒரு மூத்த கொத்தனார். வந்ததும் நேராக முன்முற்றத்துக்கு ஏறி, கூரைநீர்க் குழாய் விழும் இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தார். "மக்ளே, செவத்துக்குப் பொறத்தால வெள்ளம் கெட்டி நிக்குது. அத விட்டுட்டு அகத்தப் பூசி என்ன காரியம்?" என்றார். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்க, உள்ளே பூசி என்ன பயன் என்பது அவர் கேள்வி. பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டிவைத்து, இரண்டு நாள் கழித்து நீர்த்துளி தாளின் சுவர்ப்பக்கம் நிற்பதைக் காட்டினார். துளி அறைப்பக்கம் நின்றால் அது காற்றிலுள்ள ஈரம். சுவர்ப்பக்கம் நின்றால் கசிவு. செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் தாங்களே செய்து பார்க்கலாம்.

அவர் சொன்னபடி, வெளிப்பக்கச் சுவரையொட்டி மண்ணைப் பகுதி பகுதியாக எடுத்து, கல்லைக் கழுவி, சிமெண்ட் பூச்சும் அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சும் கொடுத்து, அடியில் துளையிட்ட பிவிசி குழாயைச் சரிவாகப் பதித்து, அதைச் சுற்றி வடிகட்டும் துணி விரித்துச் ஜல்லி நிரப்பி, நீரைத் தோப்புக்குத் திருப்பிவிட்டோம். கூரைநீருக்குத் தனிக்குழாய் போட்டோம். கழிவறைக்குத் தோப்பின் தாழ்ந்த பக்கம் சிறிய தொட்டி ஒன்று கட்டினோம். கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையக் கூடாது என்று பொறியாளர் வற்புறுத்தியதால் இடம் தேர்வதுதான் சற்றுச் சிரமமாக இருந்தது. உள்வேலை எளிதாக முடிந்தது. இத்தகைய வேலைக்கு மண்ணைத் தோண்ட ஏற்ற காலம் பொங்கல் கழிந்து மார்ச் வரைதான். அதற்கு மேல் கோடைமழை குறுக்கிடும்.

இந்த முறை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்தோம். வேலைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்த பின்னரே அதற்குரிய பணம் என்று எழுதினோம். சிமெண்ட், குழாய், நீர்த்தடுப்புப் பூச்சு ஆகியவற்றின் பிராண்டையும் தரத்தையும் குறிப்பிட்டோம். கூடுதல் வேலை எதுவாயினும் தொகையை எழுதி இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும் என்றும், மொத்தத்தில் 10% தொகை ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்த பின்னரே தரப்படும் என்றும் சேர்த்தோம். கொத்தனார் இதற்குச் சிறிதும் முகம் சுளிக்கவில்லை. தம் வேலையில் நம்பிக்கை உள்ளவர் சுளிக்கமாட்டார் என்றே கருதுகிறேன். சரிவான மனைக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று சுமட்டுக்கூலி. லாரி சாலையிலேயே நின்றுவிடும். எம்சாண்டும் ஜல்லியும் கீழே இறங்குவது தலைச்சுமையாகத்தான். அந்தச் செலவு யாருடையது என்று எழுதாவிட்டால் ஒவ்வொரு லோடுக்கும் தகராறுதான்.

முதல் ஒப்பந்தக்காரரிடமிருந்து பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பி வந்ததற்குக் காரணம் ஆதாரங்கள்தான். ரசீது வேண்டாமென்றால் ஜிஎஸ்டி 18% மிச்சம் என்று அவர் ஆசை காட்டியபோதும் நாங்கள் வங்கி வழியாகவே பணம் அனுப்பியிருந்தோம். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மதிப்பீடும், பேனலைக் கழற்றியபோது தேதியுடன் எடுத்த படங்களும் இருந்தன. வழக்கறிஞர் வழியாகப் பதிவுத் தபாலில் அறிவிப்புப் போன பிறகு, இடையில் ஒருவரை வைத்து அவராகவே சமரசத்துக்கு வந்தார். அப்படி வராதவர்கள் மீது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும். "அடுத்த மாசம் ஆள் அனுப்புறேன்" என்று தவணை சொல்பவரிடம் அந்தக் காலத்தைக் கரையவிட்டுவிடாதீர்கள்.