ரீபில்ட் முத்திரை குத்திய டபிள்யூ.ஆர்.எக்ஸ்: ஒன்ராரியோவில் வாங்கலாமா?

தனியே ஓட விடும் ஜி2 லைசன்ஸ் கிடைத்த கையோடு ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் எங்கள் பிள்ளைகள் தேடத் தொடங்கும் கார்களில் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ் கட்டாயம் இருக்கும். டர்போ எஞ்சின், மனுவல் கியர், பனியிலும் நான்கு சில்லும் இழுக்கும். விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு போகும்போது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 20, 30, சில வேளை 40 சதவீதம் மலிவாக நிற்கும். கடைசி வரியில் ‘ரீபில்ட்’ என்று ஒரு சொல். அதைக் கண்டு ஓடவும் தேவையில்லை, விலையைக் கண்டு மயங்கவும் கூடாது. ஆனால் விசாரிக்கிற ஒழுங்கு முக்கியம்: முதலில் இன்சூரன்ஸ், பிறகு அடிபட்ட நேரத்துப் படம், அதற்குப் பிறகுதான் கார்.

திருத்துவது கட்டாது என்று இன்சூரன்ஸ் கம்பனி கைகழுவிய காருக்கு ‘சல்வேஜ்’ முத்திரை விழும். சல்வேஜ் காரைத் தெருவில் ஓட விடமாட்டார்கள். அதைத் திருத்தி, உடற்கூடு உறுதியாக இருக்கிறது என்று ஸ்ரக்சரல் இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழ் எடுத்தால் முத்திரை ‘ரீபில்ட்’ ஆக மாறும். திரும்ப ‘நன்’ (None, அதாவது முத்திரை இல்லாதது) ஆக மாறவே மாறாது. அதற்கு மேல் சேஃப்ரி சான்றிதழும் வேண்டும். அது 36 நாட்களுக்குத்தான் செல்லும். பார்த்த அன்றைக்குக் கார் அடிப்படைத் தரத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. “சேஃப்ரி எடுத்தாச்சு, பயமில்லை” என்று விற்பவர் சொன்னால் அதை உத்தரவாதமாக எடுத்துவிடாதீர்கள்.

காரைப் பார்க்கப் போக முன்னமே இன்சூரன்ஸ் புரோக்கரிடம் வின் நம்பரை (காரின் அடையாள இலக்கம்) கொடுத்து, ரீபில்ட் என்பதையும் சொல்லி, பிரீமியம் எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொலிஷனும் (மோதலில் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான காப்பு) கொம்பிரிஹென்சிவும் (களவு, தீ போன்றவற்றுக்கான காப்பு) தரவே மாட்டோம் என்கிற கம்பனிகள் உண்டு. தருகிறவர்களும் மதிப்பீட்டு அறிக்கை, திருத்திய பில் எல்லாம் கேட்கலாம். புதிதாக வந்தவருக்கு இந்த நாட்டில் ஓடிய வரலாறு இல்லாததால் பிரீமியம் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும். இந்த மாதிரிக் கார் அதை இன்னும் தூக்கும். காரின் விலையில் மிச்சம் பிடித்ததை இரண்டு வருடப் பிரீமியம் விழுங்கிவிடுகிறதா என்று கணக்குப் போடுங்கள். கொலிஷன் இல்லாமல் ஓடி, உங்கள் பிழையில் அடித்தால் காரின் முழுக் காசும் போனது போனதுதான். ரீபில்ட் காருக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம், ஆகவே போவது பெரும்பாலும் கைக்காசு.

அடுத்தது காகிதங்கள். தனியாள் விற்றால் யு.வி.ஐ.பி. என்ற விபரக்கொத்தை அவர்தான் தரவேண்டும், விலை 20 டொலர். அதில் முத்திரை, முந்தைய உரிமையாளர் வரிசை, காரின் மேல் உள்ள கடன் எல்லாம் இருக்கும். ஆனால் ஒன்ராரியோவுக்கு வெளியே நடந்ததற்கு அதை நம்ப முடியாது. அதற்குக் காரின் விபத்து வரலாற்றைக் காட்டும் கார்ஃபாக்ஸ் கனடா அறிக்கையை எடுங்கள். பிறகு வின் நம்பரை அப்படியே கூகிளில் போட்டுத் தேடுங்கள். சல்வேஜ் ஏலத்தில் எடுத்த படங்கள் பல தடவை அப்படியே வந்து நிற்கும். இந்த ஒரு தேடல் மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது. ஆலங்கட்டி மழையில் நெளிந்த கூரை, பின் பம்பரும் டிக்கியும் நசுங்கியது என்றால் மேலே கதைக்கலாம். முன்பக்கம் உள்ளே போய் எயர்பேக் வெடித்தது, கதவுத் தூண் மடிந்தது, வெள்ளத்தில் நின்றது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். டபிள்யூ.ஆர்.எக்ஸ் காரின் பொக்ஸர் எஞ்சின் தாழ்வாக, முன்னுக்குத் தள்ளி இருக்கிறது. முன் அடி ரேடியேற்றரோடு நிற்காமல் எஞ்சினையும் தொட்டிருக்கக்கூடும்.

காரைப் பார்க்கப் பகல் வெளிச்சத்தில் போங்கள். பெயின்ற் தடிப்பு அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுபோங்கள். கம்பனிப் பெயின்ற் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரை காட்டும். 1000 தாண்டினால் உள்ளே பூசி நிரவியிருக்கிறார்கள். பொனட்டைத் தூக்கி, பிணைச்சல் போல்ற்களின் தலையைக் கிட்டப் பாருங்கள். ஸ்பானர் பிடித்த மூலையில் பெயின்ற் உரிந்திருந்தால் அது கழற்றிப் பூட்டிய பொனட். சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுங்கள். நுனிப் பகுதியில் சேற்றுக் கோடோ பூஞ்சண வாடையோ இருந்தால் கார் தண்ணீரில் நின்றது. நாடா உருகி மினுங்கியிருந்தால் பெரிய அடி வாங்கிய பெல்ற்.

எயர்பேக் விளக்கு, சாவியைத் திருப்பியதும் எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தால் ஆபத்து. ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் முழுக்க நம்பாதீர்கள். எயர்பேக் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரெசிஸ்ரரை மட்டும் பூட்டி விளக்கை ஏமாற்றும் வேலை நடக்கிறது. மலிவான போலி எயர்பேக் வெடித்து உயிர்கள் போனதாக அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2024இல் எச்சரித்தது. எயர்பேக் மாற்றியதாகச் சொன்னால் அது எங்கே வாங்கியது என்ற பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் வாங்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

பிறகு, விற்பவருக்குத் தெரியாத ஒரு கராஜில் காரை லிஃப்டில் ஏற்றுங்கள். முன் சட்டத்தில் சுருக்கம், புது வெல்டிங், அதன்மேல் தடிப்பாக அடித்த கறுப்புப் பூச்சு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கம்பனி வெல்டிங் வரிசையாக, ஒரே அளவுப் பொட்டுகளாக இருக்கும். கையால் ஒட்டிய இடத்தில் உள்பக்கத் துருக்காப்பு திரும்பப் பூசப்படாவிட்டால், எங்கள் பனிக்கால உப்பு சில வருடங்களில் அதை உள்ளிருந்தே தின்றுவிடும். வீல் அலைன்மென்ற் பார்த்து அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். திரஸ்ட் ஆங்கிள் (பின் சில்லுகள் காரைத் தள்ளும் திசையின் கோணம்) வரம்பைத் தாண்டி, சரிசெய்யவும் முடியாவிட்டால் பின்பக்கம் வளைந்திருக்கிறது. நான்கு ரயர்களின் பூ ஆழத்தையும் அளக்கவேண்டும். நான்கு சில்லு இழுவைக் காரில் ஒன்றுக்கொன்று சுமார் 1.6 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் நடு டிஃபரென்ஷியல் சூடாகித் தேயும். காரின் கணினியை வாசிக்கும் ஓ.பி.டி. கருவியில் ‘ரெடினெஸ்’ (காரின் சுயசோதனைகள்) முடியவில்லை என்று காட்டினால் பிழைக் குறியீட்டை அண்மையில்தான் அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். டபிள்யூ.ஆர்.எக்ஸ் காரின் வலுக்கூடிய வகையான எஸ்.ரி.ஐ. என்றால், சிலிண்டரில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கும் லீக்டவுன் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த 2.5 லீற்றர் எஞ்சினில் பிஸ்ரன் ரிங்லாண்ட் (பிஸ்ரன் வளையங்களுக்கு இடையிலுள்ள விளிம்பு) உடைவது தெரிந்த வியாதி, டியூன் மாற்றி ஓடியவற்றில் இன்னும் அதிகம்.

பதிவுபெற்ற டீலர் முத்திரையை ஒப்பந்தத்தில் எழுதாமல் மறைத்து விற்றால், கார் கைக்கு வந்து 90 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். தனியாளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற கால அவகாசமும் ஒன்ராரியோவில் கார் வாங்குபவருக்குக் கிடையாது.

வரியிலும் ஒரு கண் வேண்டும். தனியாளிடம் வாங்கும்போது 13 சதவீத வரியை, நீங்கள் கொடுத்த விலை, ரெட் புக் என்ற பழைய கார் விலைப் புத்தகத்தின் மொத்தவிலை இரண்டில் எது கூடவோ அதன்மேல்தான் சேர்விஸ் ஒன்ராரியோ அறவிடும். 15,000 டொலருக்கு வாங்கிய காருக்கு ரெட் புக் 20,000 என்று காட்டினால் வரி 1,950 அல்ல, 2,600. ரீபில்ட் காருக்கு இந்த இடைவெளி பெரிதாகவே இருக்கும். ஆகவே தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு எடுத்து, பதிவு மாற்றப் போகும்போதே கையோடு கொண்டுபோங்கள்.